மலைக் காற்றுக்குப் பூட்டிய வண்டி

போன மாதம் அக்காள் மகனின் காரை சர்வீஸுக்கு விடுவதற்காகச் சேலத்துக்குப் போயிருந்தேன். அங்கே சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் காரின் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு ஒயரைச் செருகி, மடியில் வைத்திருந்த கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பானட்டைத் திறக்கவே இல்லை. திரையில் எண்கள் மாறிக்கொண்டிருந்தன. எனக்கு வெட்கமாக இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

"இதென்ன நம்பருங்க தம்பி?"

"வெளிக்காத்தோட அழுத்தமுங்கண்ணா. நீங்க ஏற்காடு ஏறினா இது கொறையும். அதுக்குத் தகுந்தாப்பல பெட்ரோலை அதுவே கொறைச்சுக்கும். கீழ எறங்குனா சேத்துக்கும்."

"யாரும் ஒண்ணும் திருக வேண்டியதில்லைங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எதைங்கண்ணா திருகறது?"

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் மெக்கானிக் சங்கத்து மலருக்கு ஓய்வு பெற்றவர்கள் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மேடையில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதுவது என்றால் முயன்று பார்க்கலாம். சவரிமுத்து மேஸ்திரியைப் பற்றி எழுதுகிறேன். அவருடைய ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றியும்.

என் ஊர் தலைச்சோலை. பத்தாவதோடு படிப்பு நின்றது. எங்கள் காட்டில் விளைந்தது எங்களுக்கே போதவில்லை என்பதால், ஏற்காடு போகும் வழியில் இருந்த மேஸ்திரியின் ஒர்க்‌ஷாப்பில் அப்பா என்னைச் சேர்த்துவிட்டார். முதல் வருஷங்கள் டீசலில் நட்டு போல்ட்டைக் கழுவியே போயின. பிறகு பிரேக், பிறகு கியர்பாக்ஸ், பிறகு இன்ஜின். முதுகெலும்பில் தட்டு விலகி, இனி குனியக்கூடாது என்று டாக்டர் சொன்ன நாள்வரை வேறெங்கும் நான் வேலை பார்க்கவில்லை.

மேஸ்திரி உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. திட்டவும் மாட்டார், பாராட்டவும் மாட்டார். நாம் முடுக்கிய போல்ட் சரியில்லை என்றால், வந்து தன் கையால் அதை முழுதாகக் கழற்றி, துடைத்து, ஸ்பானரை நம் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். சரியாக இருந்தால் போகிற போக்கில் வண்டியின் மேல் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டுக்காகத்தான் நாங்கள் வேலை பார்த்தோம்.

இன்ஜின் வேலை முடிந்த பெட்ரோல் வண்டியை அவர் ஒர்க்‌ஷாப்பில் வைத்துக் கடைசி செட்டிங் செய்யமாட்டார். சேர்வராயன் கோயில் மைதானத்துக்கு ஓட்டிப் போவார். எங்கள் மலையிலேயே உயரமான இடம் அது. அங்கே வண்டியை நிறுத்தி, இன்ஜினில் பொறி போடும் பிளக்குகளைக் கழற்றி, ஒரு வெள்ளைத் துணியில் வரிசை மாறாமல் படுக்க வைப்பார். பிளக்கின் நுனி கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் குறைவு. வறுத்த காபிக்கொட்டை நிறத்துக்கு வரும்வரை பெட்ரோலைக் காற்றோடு கலந்துவிடும் கார்புரேட்டரைத் திருகித் திருகிப் பார்ப்பார். அந்த நிறம் வந்த பிறகுதான் வண்டி உரிமையாளரிடம் போகும்.

"இங்க இழுக்கற வண்டி எங்கயும் இழுக்கும் சாமி" என்பார்.

நாங்களும் நம்பினோம். எங்களிடம் வந்தவை பெரும்பாலும் எஸ்டேட் ஜீப்பும் லாரியும். அவை டீசல், கார்புரேட்டர் கிடையாது. மற்றபடி மலையிலேயே ஓடும் பைக்குகள். சேலம் போனாலும் சாயங்காலம் திரும்பிவிடும் கார்கள். அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும்படி எதுவும் நடக்கவில்லை.

கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், காபி மூட்டை அடுக்கும் கொட்டகையின் மூலையில், அந்தக் கார் கிடந்தது. முதலாளியின் மகன் எங்கிருந்தோ வாங்கிவந்து, கொஞ்ச காலம் ஓட்டிவிட்டுப் போட்டது. வெளிநாட்டுக் கார். இரண்டே கதவு, இரண்டே சீட்டு, துணிக் கூரை, நீளமான மூக்கு. எஸ்டேட் கைமாறியபோது கொட்டகையைக் காலி செய்யச் சொன்னார்கள். பழைய இரும்புக்குப் போக வேண்டியதை மேஸ்திரி ஜீப்பில் கட்டி இழுத்துவந்தார்.

அவருக்கு ஒரே மகள், ஜெசிந்தா. மனைவி, குழந்தைக்கு விவரம் தெரியும் முன்பே இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வரும். சக்கரம் இல்லாமல் கட்டை மேல் நின்ற அந்தக் காரில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வீட்டுப்பாடம் படிக்கும்.

"இது எப்பப்பா ஓடும்?"

"உன் கல்யாணத்துக்குக் கண்ணு. உன்னை இதுலதான் சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போவேன்."

"அப்ப மாப்பிள்ளை எங்க உக்காருவாரு? ரெண்டு சீட்டுத்தானே இருக்குது."

"அவன் பஸ்ஸுல வரட்டும்."

இதைச் சொல்லிச் சொல்லி அப்பனும் மகளும் சிரிப்பார்கள். ஊரார் வேலை முடிந்த பிறகுதான் அந்தக் காரில் அவர் கைவைப்பார். ஊரார் வேலை முடிந்ததே இல்லை. ஜெசி நர்ஸிங் படித்து சென்னையில் வேலைக்குப் போனபோதும் வண்டி கட்டை மேல்தான் நின்றது.

ஒரு முறை லீவுக்கு வந்தபோது, உடன் வேலை பார்க்கும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னது. அவர் வேறு மதம். மேஸ்திரி அப்போது ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வெளியே தெரிந்த அவர் காலைப் பார்த்துத்தான் பிள்ளை எல்லாவற்றையும் சொன்னது. நான் எழுந்து போக நினைத்தேன். போனால் காலடிச் சத்தம் கேட்கும் என்று அப்படியே நின்றுவிட்டேன்.

"அப்பா, ஏதாச்சும் சொல்லுங்கப்பா."

"நீயே முடிவு பண்ணிட்டயில்ல. பொறவு என்னைய எதுக்குக் கேக்கற?"

"உங்களைக் கேக்காம யாரைக் கேப்பேன்?"

அடியிலிருந்து ஸ்பானர் சத்தம் மட்டும் வந்தது. பிள்ளை கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டது. கல்யாணம் சென்னையில் ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது. மேஸ்திரி போகவில்லை. அன்றைக்கு முழுக்க அந்தக் காரின் இன்ஜினைத் தரையில் இறக்கி, கடைசி வாஷர் வரை பிரித்துப் போட்டார்.

அதன் பிறகு அவர் அந்த வண்டிக்குச் செய்த வேலையைப் போல நான் எங்கும் கண்டதில்லை. துரு தின்ற தரைத் தகட்டை அறுத்தெடுத்து, கனமான தகடு வைத்துப் பற்ற வைத்தார். முன் சக்கரத்தில் பழைய டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு, நம் ஊர்க் கார் ஒன்றின் டிஸ்க் பிரேக்கைப் பொருத்தினார். அது நேராக உட்காராது. அதற்கான தாங்கியைத் தானே வெட்டி, அரத்தால் ராவி, வைத்துப் பார்த்து, மறுபடி ராவினார். புது ரேடியேட்டர், புது ஒயரிங், தைத்துப் போட்ட துணிக் கூரை.

இன்ஜினுக்கு இன்னும் ஒருபடி மேலே போனார். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் எந்த பெட்ரோல் வண்டியும் எங்கள் மலையில் கொஞ்சம் சோர்ந்துதான் இழுக்கும். அந்தச் சோர்வு தன் வண்டியில் இருக்கக்கூடாது என்று நினைத்தார். சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பை லேத்தில் கொடுத்து இழைத்து, இன்ஜின் காற்றை இன்னும் இறுக்கமாக அழுத்தும்படி செய்தார். பிளக்கில் பொறி சற்று முந்தி விழும்படி டைமிங்கைத் தள்ளினார். கார்புரேட்டர் இரண்டிலும் பெட்ரோலைக் குறைத்தார். சேர்வராயன் கோயில் மைதானத்தில் வெள்ளைத் துணியில் நான்கு பிளக்கும் காபிக்கொட்டை நிறத்தில் கிடந்தன. திரும்பும்போது என்னை ஓட்டச் சொன்னார். மிதித்ததும் வண்டி என்னை சீட்டோடு அழுத்தியது. நான் எதையும் அப்படி ஓட்டியதில்லை. இறங்கியதும் மேஸ்திரி பானட்டின் மேல் ஒரு தட்டுத் தட்டினார். அவர் தன் வேலையைத் தானே தட்டிப் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

ஜெசிக்குப் பையன் பிறந்திருந்தான். ஒருநாள் என் போனுக்குக் கூப்பிட்டது.

"அண்ணா, குட்டிக்கு ஞானஸ்நானம் குடுக்கறோம். அவர் சரின்னு சொல்லிட்டாரு. அப்பா மனசு குளிரட்டும்னுதான். எப்படியாச்சும் கூட்டிட்டு வந்துருங்கண்ணா."

நான் சொன்னேன். மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "வண்டியில போலாமில்ல?"

"போலாமுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பேரனுக்கு வாங்கிய வெள்ளி அரைஞாண் சட்டைப் பையில் இருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்த வண்டி வழுக்கிக்கொண்டு இறங்கியது. சேலம் தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறியதும் மிதித்தார். ஆத்தூர் போனது தெரியவில்லை. பேசாத மனிதர் பேசிக்கொண்டே வந்தார்.

"மொதல்ல அவளை உக்கார வெச்சு ஒரு சுத்து. பொறவுதான் மத்ததெல்லாம்."

"மாப்பிள்ளைங்க?"

"அந்தத் தம்பியும் வரட்டும் போ. ரெண்டாவது சுத்துல."

உளுந்தூர்ப்பேட்டை தாண்டியபோது இன்ஜினிலிருந்து டின்னில் சல்லிக்கல்லைக் குலுக்குவதுபோல ஒரு சத்தம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் காலை எடுப்பதற்குள் பட்டென்று ஒன்று வெடித்தது. பின்னால் நீலப் புகை. வண்டி ஓரமாக உருண்டு நின்றது. மேஸ்திரி ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார்.

பிளக்குகளைக் கழற்றினேன். மூன்றும் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தன. நான்காவதில் உருகிய அலுமினியம் கடுகு கடுகாக ஒட்டியிருந்தது. பிஸ்டன் போய்விட்டது.

சாலையோரம் ஒரு டீக்கடை இருந்தது. சென்னை பஸ்கள் அங்கே நின்று போயின. இன்னும் பகல் முழுக்கக் கிடந்தது.

"மேஸ்திரி, வண்டி கெடக்கட்டுமுங்க. நான் காவலுக்கு இருக்கறேன். நீங்க பஸ்ஸேறுங்க. சாயங்காலத்துக்குப் போயிரலாம்."

"போயி என்ன சொல்றது?"

"பேரனைப் பாக்க வந்தேன்னு சொல்லுங்க."

"கல்யாணத்துக்கும் வண்டி வரலை. இதுக்கும் வரலை. இந்தக் கிரீஸ் புடிச்ச கையை வீசிக்கிட்டு அவ ஊட்டு வாசல்ல போயி நிக்கச் சொல்றியா சாமி?"

"அது வண்டியவா பாக்கும்? உங்களைத்தானுங்க பாக்கும்."

ஒரு பஸ் வந்து நின்று போனது. இன்னொன்று வந்தது. நடத்துனர் எங்களைப் பார்த்து, "ஏறுறீங்களா பெரியவரே?" என்று கேட்டார். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். அதுவும் போயிற்று.

ஜெசி கூப்பிட்டபோது வண்டியை ஏற்ற லாரி பேசிக்கொண்டிருந்தேன். நடந்ததைச் சொன்னேன். போனை மேஸ்திரியிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. போன் என் கையிலேயே நீண்டிருந்தது. அதற்குள்ளிருந்து ஜெசியின் குரல் எங்கள் இருவருக்கும் கேட்டது.

"நானா அண்ணா கார் கேட்டேன்?" என்றது. பிறகு, "இனிமே நான் கூப்பிடமாட்டேண்ணா. அவரா வந்தா வரட்டும்" என்றது.

வண்டியோடு லாரியில் மலையேறினோம்.

இன்ஜினைப் பிரித்தபோது நான்காவது பிஸ்டனின் தலையில் விரல் நுழையும் ஓட்டை இருந்தது. மேஸ்திரி அதைக் கையில் வைத்துக்கொண்டு பல நாள் யோசித்தார். ஆயில் பம்பைப் பார்த்தார், ரேடியேட்டரைப் பார்த்தார். எல்லாம் நன்றாகவே இருந்தன. பிறகு ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"காத்து" என்றார். "நாம மேல இருக்கற காத்துக்குப் பூட்டிட்டம் சாமி. கீழ காத்து கெட்டி. அதுக்குத் தகுந்த பெட்ரோலு போகலை. நாமளோ இன்னும் இறுக்கி அமுக்கி, முந்தியே பத்த வெச்சுட்டம். சூடு தாங்காம உருகிப்போச்சு."

எனக்கும் அப்போதுதான் விளங்கியது. எங்கள் மலையில் எந்த மெக்கானிக்கும் அதையேதான் செய்திருப்பார்.

"இங்க நின்னு பாத்தப்ப எல்லாம் சரியாத்தான் இருந்துது" என்றார். அதை யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

புது பிஸ்டன் போட்டு இன்ஜினை அவர் தனியாகவே பூட்டினார். என்னைத் தொட விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வண்டி முன்போல ஓடவில்லை. ஸ்டார்ட் செய்தால் இருமியது. கறுப்பாகப் புகைத்தது. ஏற்றத்தில் திக்கித் திக்கிப் போனது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மேஸ்திரி அதை எடுத்துக்கொண்டு கிளம்புவார். மத்தியானம் திரும்புவார். மலையைச் சுற்றும் லூப் ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வந்தேன் என்பார். டீக்கடையில் இருப்பவர்கள் விடமாட்டார்கள்.

"ஏனுங்க மேஸ்திரி, வண்டிக்கு ஆஸ்துமாவுங்களா?"

"வெள்ளக்கடை வைத்தியர்கிட்டக் காட்டுங்க. மூலிகை குடுப்பாரு."

அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார். எனக்குத்தான் தாங்காது. ஒருநாள் சொல்லிவிட்டேன். "பெட்ரோலு நொம்ப அதிகமாப் போவுதுங்க. இத்துனூண்டு கொறைச்சா சரியாயிருமுங்க."

"தொடாத கண்ணு" என்றார். "அது அப்படியே இருக்கட்டும்."

உருகிய பிஸ்டனைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். அவருடைய கைத்திறன் போய்விட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதை நான் மறுக்கவில்லை.

ஜெசியும் கூப்பிடவில்லை. இவரும் போகவில்லை. ஒரு மழைக்காலத்தில் மேஸ்திரிக்கு நெஞ்சுவலி வந்தது. சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது. ஜெசி வந்து சேர்ந்தபோது பெட்டியை மூட நேரமாகியிருந்தது. அழவில்லை. அவர் விரல் நகங்களில் இருந்த கிரீஸைப் பார்த்தபடி நின்றது.

வருஷ நினைவுப் பூசைக்கு மறுபடி வந்தபோது, "காரை நான் எடுத்துட்டுப் போறேண்ணா. ஓடுமா?" என்று கேட்டது.

"ஓடும். ஆனா நல்லா ஓடாது கண்ணு. நான் கொஞ்சம் சரி பண்ணிக் குடுக்கறேன்."

"வேண்டாண்ணா. அப்பா விட்டது எப்படியோ அப்படியே இருக்கட்டும்."

நான் ஓட்ட, பக்கத்து சீட்டில் அது உட்கார்ந்துகொண்டது. கிளம்பும்போதே வண்டி இருமிப் புகைத்தது. டீக்கடையில் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. முதல் வளைவுகளில் உறுமலும் திக்கலுமாக இறங்கினோம். ஜெசி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தது. பாதி மலை இறங்கியதும் இருமல் குறைந்தது. காது அடைத்துத் திறந்தது. கடைசி வளைவைத் தாண்டி அடிவாரத்தில் சமதளத்துக்கு வந்தபோது புகை நின்றிருந்தது. லேசாக மிதித்தேன். வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

"என்னண்ணா, சத்தம் மாறிடுச்சு?"

ரோட்டோரம் பஞ்சர் கடைக்கு முன்னால் ஒரு புளியமரம் இருந்தது. அதன் நிழலில் நிறுத்தி பானட்டைத் தூக்கினேன். கைக்குட்டையை விரித்து, சூட்டோடு பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தேன். நான்கும் வறுத்த காபிக்கொட்டை நிறத்தில் இருந்தன. மலைமேல் நின்று இந்த அளவைப் பிடிக்க முடியாது. கீழே வந்து, கொஞ்சம் திருகி, ஓட்டிப் பார்த்து, மறுபடி திருகினால்தான் முடியும்.

பஞ்சர் கடைக்காரர் கையில் டியூபோடு வந்தார்.

"இது ஏற்காட்டு மேஸ்திரி வண்டியாச்சே. அவர் வரலீங்களா?"

"இல்லைங்க. இறந்து ஒரு வருஷமாச்சு. இது அவரோட மகளுங்க."

அவர் டியூபைக் கீழே வைத்தார். ஜெசியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ஞாயித்துக்கெழமையானா வருவாருங்கம்மா. இதே எடத்துலதான் நிறுத்துவாரு. வெள்ளைச் சட்டை போட்டிருப்பாரு. இப்ப இவரு பண்ணுனாப்பல துணியை விரிச்சு ஏதோ பாத்துட்டு, சரியாயிருச்சு, இன்னைக்கு மெட்ராஸ் போறேன், மக ஊட்டுக்குன்னு சொல்லுவாரு. ஏறி உக்காருவாரு. கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருப்பாரு. பொறவு வண்டியத் திருப்பிக்கிட்டு மலைக்கே போயிருவாருங்க. ஏனுங்க போகலையான்னு கேட்டா, அடுத்த வாரம்பாரு."

ஜெசி காரிலிருந்து இறங்கவில்லை. நான் பிளக்குகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினேன். அவசரப்படவில்லை. அது அழுது முடிக்கட்டும் என்று இருந்தேன்.

பானட்டை இறக்கி ஸ்டார்ட் செய்தேன். முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது. ஒரு பிசிறு இல்லாமல், தையல் மெஷின் போல நின்ற இடத்தில் ஓடியது. பஞ்சர் கடைக்காரர் கையை மார்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"போலாமா கண்ணு?" என்றேன்.

"கொஞ்சம் இருங்கண்ணா" என்றது ஜெசி. "ஆஃப் பண்ணிராதீங்க. ஓடட்டும்."